பாதியில் நின்ற கேள்வி

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரிடமாவது ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டால், முதலில் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொள்வார். பிறகு, "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். அந்தக் கை முந்தானைக்குப் போனாலே நான் ஒளிய இடம் தேடுவேன். தூண் இருந்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். கூட்டம் இருந்தால் கூட்டத்துக்குள் நுழைந்துகொள்வேன். முறைக்கு அவர் எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிட்டேன்.

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த முதல் வாரத்தில் என் அப்பா பலகாரக் கூடையோடு என்னைப் பார்க்க வந்தார். கூடத்தில் உறவுக்காரப் பெரியவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி முகத்தை ஒற்றிக்கொண்டார். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பொண்ணு தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்குதே, பூச்சி மருந்து எப்பனா குடுத்தீங்களா?" அப்பாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் மருந்து வாங்கி வந்து, வெல்லத்தோடு என் வாயில் ஊற்றியவரும் அண்ணிதான். பல் கடிப்பது நின்றுவிட்டது. ஆனால் எதிர் வீட்டுக்காரி ரொம்ப நாளைக்கு என்னைப் பார்த்ததும் பல்லைப் பற்றித்தான் விசாரித்தாள்.

இதைவிடப் பெரிய அவமானம் ஒன்று உண்டு. எங்களுக்குக் குழந்தை உண்டாகாமல் கொஞ்ச காலம் போயிற்று. அண்ணி என்னைக் கடலூருக்கு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அறை வாசலில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவும் சாத்தவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு மருந்து எழுதத் தொடங்கியபோது அண்ணி, "கொறை இவகிட்டயா, என் தம்பிகிட்டயா? அவனையும் அழைச்சுக்கிட்டு வரணுமாங்க?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஆம்பிளைக்கும் குறை இருக்கலாம் என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள், அதுவும் சொந்த அக்கா? வாசலில் இருந்த பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "அழைச்சிட்டு வாங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அண்ணியோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. முன் சீட்டுக்காரரிடம் அவர் மடியில் இருந்த கீரைக் கட்டு எந்த ஊர்க் கீரை என்று விசாரித்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரும் மருந்து சாப்பிட்டார். மறு வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள்.

அண்ணி எங்களோடு இருந்ததற்கும் ஒரு கேள்விதான் காரணம். அவரைக் கம்மாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் சாயங்காலமானால் வேறொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. ஒரு காதுகுத்து வீட்டில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி அவன் இலைக்கு எதிரே போய் நின்று, "அந்த வூட்டுக்கு நீ எதுக்குப் போற? எல்லாரும் இருக்குறாங்க, சொல்லு" என்று கேட்டாராம். அவன் சாப்பாட்டிலிருந்து எழுந்து போனான். அதற்குப் பிறகு அங்கே அவருக்கு இடமில்லை. அவள் வாய்தான் அவளை வாழவிடவில்லை என்று எங்கள் பக்கத்து உறவே சொன்னது. திரும்பி வந்தவர் தாயில்லாத தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தார். தெருவில் மற்றப் பிள்ளைகள் அக்காவைப் போலப் பேசிக் காட்டித் தம்பியைக் கேலி செய்வார்களாம். அந்தக் கூச்சம் என் வீட்டுக்காரர் வளர்ந்து கல்யாணமாகி நான் வந்த பிறகும் போகவில்லை.

அவர் பீங்கான் வேலை படித்தவர். அறுபதுகளில் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு ஷெட் போட்டு, ஃபியூஸ் கட்டை செய்ய ஆரம்பித்தார். மண் பொடியை இரும்பு அச்சில் கொட்டிக் கையால் அழுத்தி எடுத்து, காய வைத்து, பளபளப்புக் கரைசலில் முக்கி, சூளையில் சுட வேண்டும். அச்சடிக்கும் பெண்களை அண்ணி பார்த்துக்கொண்டார். சூளையிலிருந்து வரும் கட்டையில் விரிசல் தெரிந்தால் மண் ஏற்றி வந்த லாரிக்காரர், தண்ணீர் ஊற்றிய பெண், தீப் போட்டவர் என்று ஒருத்தர் விடாமல் கேட்பார். யாரையும் திட்டமாட்டார். கேட்பதோடு சரி. கேட்டுக் கேட்டு ஒருநாள் காரணம் கிடைத்துவிடும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதற்குள் உயிர் போய் வரும்.

தொல்லை அச்சில் இருந்தது. மண் உரசி உரசி இரும்பு அச்சு தேய்ந்துவிடும். புதிய அச்சுக்குக் கோயம்புத்தூருக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் அச்சை நாமே செதுக்கிக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். மூடிப் போன ஒரு பட்டறையிலிருந்து சின்ன மில்லிங் மிஷின் ஒன்று கிடைத்தது. ஒரு ஆள் உட்காரும் மேஜை அளவுதான் இருக்கும். பல் வைத்த கத்தி ஒன்று சுழன்று இரும்பைச் செதுக்கும். இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பலகை, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நகர்ந்து கொடுக்கும். எல்லாம் இருந்தது, மோட்டார் மட்டும் இல்லை.

எந்த மோட்டார் வாங்குவது என்பதே அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு. பித்தளைக்கு ஒரு வேகம் வேண்டும், இரும்புக்கு ஒரு வேகம் வேண்டும். சின்னக் கத்தி வேகமாகச் சுற்ற வேண்டும், பெரிய கத்தி மெதுவாக. வேகத்தை மாற்ற இரண்டு வழி இருந்தது. சாதாரண மோட்டாரை வைத்து, மாவு மில்லில் இருப்பது போலப் பெரிதும் சிறிதுமான சக்கரங்களைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டு பெல்ட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஒரு வழி. இன்னொன்று, குமிழைத் திருப்பினால் வேகம் குறைந்து கூடும் மோட்டார். என் வீட்டுக்காரருக்கு இரண்டாவதில்தான் ஆசை. பெல்ட் மாற்றுவது அவருக்கு மாவு மில் வேலையாகப் பட்டது. குமிழ் என்று சொல்லும்போதே அவர் விரல்கள் காற்றில் அதைத் திருப்பும்.

ஒரு நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு மேஜை ஃபேன் இருந்தது. அதை ஒன்றாம் எண்ணில் வைத்தால் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும்; மூன்றில் வைத்தால் தானாகச் சுற்றும். "உன் மோட்டாரும் அப்புடித்தான் பண்ணுமா? மெதுவா ஓடுறப்ப அதுக்கு அதே பலம் இருக்குமாடா?" என்றார். இவர் ஃபேன் வேறு, மோட்டார் வேறு என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றச் சொன்னார். ஆனால் உடனே சொல்லவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அண்ணிக்கும் சரியான பதில் தெரியாது. கடைக்காரரைக் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

மோட்டார் வாங்க மூன்று பேருமே மெட்ராஸ் போனோம். நான் மெட்ராஸ் பார்த்ததில்லை என்று அண்ணிதான் என்னையும் கிளப்பினார். பிராட்வேயில் நீளமான ஒரு கடை. உள்ளே மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட வயதான முதலாளி. பேண்ட் போட்ட இரண்டு பேர் ஏதோ சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பாதி இங்கிலீஷில் பேசினார். பட்டறை வேலைக்குக் குமிழ் வைத்த மோட்டார் வேண்டும் என்றார். முதலாளி பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து, சுவரிலிருந்த பிளக்கில் சொருகினார். அது ஊளையிட்டுக்கொண்டு சுற்றியது. பெட்டியில் இருந்த குமிழைத் திருப்பியதும் சத்தம் தணிந்து பூனை உறுமுவது போல ஆயிற்று. இவரும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் என் மகள் பிறந்த அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன்.

அப்போது அண்ணி முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வூட்டுல ஒரு ஃபேனு இருக்குதுங்க..."

பேண்ட் போட்டவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மா ஃபேன் ரிப்பேருக்கு வந்திருக்கிறார் போல என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். சாமான் எடுத்துக் கொடுக்கும் பையன்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரின் காது சிவந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. குமிழைப் பிடித்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அக்கா, செத்த பேசாம இரு. மானம் போவுது."

அண்ணி நிறுத்திக்கொண்டார். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, என்னம்மா கேட்க வந்தீர்கள் என்று நல்லபடியாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் அண்ணி.

அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தியில் புருஷன் முன்னால் நின்றவர், கடலூரில் அத்தனை பெண்கள் எதிரில் கேட்டவர், ஒரு சிரிப்புக்கும் தம்பியின் ஒரு சொல்லுக்கும் குன்றிப்போய் நின்றார். வெளியே வந்த பிறகு கடல் பார்க்கப் போகலாமா என்று இவர் சமாதானமாகக் கேட்டார். வெயிலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் ஷெட்டுக்கு வந்து ஓட ஆரம்பித்தது. பித்தளையில் முதலில் செதுக்கிப் பார்த்தார். நன்றாக வந்தது. பொடிப் பொடியாகப் பித்தளை உதிர்வதைப் பார்க்க அச்சடிக்கும் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அண்ணியும் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காலையில் இரும்பை ஏற்றினார். இரும்புக்கு மெதுவாக ஓட வேண்டும் என்று குமிழைக் குறைத்து வைத்தார். கத்தி கொஞ்ச தூரம் போயிற்று, அப்புறம் முனகியது, அப்புறம் இரும்பில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இடது கையால் சிக்கிய தூளைத் தட்டிவிட்டபடி வலது கையால் குமிழைக் கூட்டினார். சிக்கு சட்டென்று விடுபட்டது. பளு போனதும் மோட்டார் ஒரே பாய்ச்சலாக முழு வேகத்தில் சுற்றியது.

இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஸ்விட்சை அணைக்காமல் கை வைத்தது தன் தப்பு என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த எல்லாரிடமும் அவரே சொன்னார். படித்தவன் இப்படிச் செய்யலாமா என்று யாராவது சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்பது போலச் சொன்னார். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். சுவர்ப் பக்கமாகவே படுத்துக் கிடந்தார்.

அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். டாக்டர் வருவார், கட்டைப் பிரிப்பார், மறுபடி கட்டுவார், போய்விடுவார். அண்ணி வாயைத் திறக்கமாட்டார். காய்ச்சல் எப்போது விடும், என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் நான்தான் தட்டுத் தடுமாறிக் கேட்டேன். இதற்கு முன் நான் ஒரு டாக்டரிடம் கேள்வி கேட்டதே இல்லை. அண்ணி எனக்குப் பின்னால் நின்று பதிலைக் கேட்டுக்கொள்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், மெட்ராஸ் போய் இது ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்றார் அண்ணி. போக வேண்டாம், போனால் அசிங்கம்தான் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அண்ணி கேட்கவில்லை. மோட்டாரையும் பெட்டியையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு நானும் அவருமாகப் போனோம்.

கடையில் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. அண்ணி முகத்தை ஒற்றிக்கொள்ளவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு எங்கள் வீட்டு ஃபேனைப் பற்றி முழுவதும் சொல்லி, மெதுவாக ஓடும்போது இதற்குப் பலம் இருக்குமா இருக்காதா என்று கேட்டார். முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இரும்பு வெட்டவாம்மா வாங்குனீங்க? இது லேசான வேலைக்கு உள்ளதும்மா. குமிழைக் கொறைச்சா வேகத்தோட பலமும் சேந்து கொறஞ்சிடும். சாதா மோட்டாரு வெச்சு, சக்கரத்துல பெல்ட்டு மாத்தி ஓட்டியிருக்கணும். அதுல வேகம் கொறையக் கொறைய பலம் ஏறும்."

அண்ணி தலையாட்டினார். முதலாளி தொடர்ந்து, தம்பி எல்லாம் தெரிந்தவராகப் பேசியதால் தானும் எதற்கு என்று விசாரிக்காமல் விட்டது தப்புதான் என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "அன்னிக்கு நீங்க ஏதோ கேக்க வந்தீங்களேம்மா?" என்றார்.

"இதைத்தாங்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் அவர். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். மோட்டாரை எடுத்துக்கொண்டு சாதாரண மோட்டார் ஒன்றைக் கொடுத்தார். சக்கரம் எங்கே வார்க்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும் ரயிலில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே ஏதோ கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. வேறு நாளாக இருந்தால் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் உள்ளே இருப்பது என்ன, எங்கே போகிறது, என்ன தின்னும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். விழுப்புரம் தாண்டிய பிறகு, "அவன் கேட்டா என்னா சொல்றது?" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் எழுந்து உட்கார்ந்து, கடைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். அண்ணி சாக்கை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டேன்டா. அவனுக்கே தெரியலையாம். இது மாதிரி ஆனதா இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லையாம். பாவம், பயந்துபோயி வேற மோட்டாரு மாத்திக் குடுத்துட்டான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சாக்கின் கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். கடைக்காரருக்கே தெரியாத விஷயம் நமக்கு எப்படித் தெரியும் என்று இவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அண்ணி ஆமாம் என்றார். அன்றைக்குத்தான் இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முதலாகக் கூடத்துக்கு வந்து எல்லாரோடும் சாப்பிட்டார்.

சக்கரமும் பெல்ட்டும் போட்டதும் மிஷின் ஒழுங்காக ஓடியது. எழுபதுகளில் மற்ற ஷெட்காரர்களும் அச்சு செதுக்க எங்களிடம் வந்தார்கள். வருகிறவர்கள் இவருடைய இடது கையைப் பார்ப்பார்கள். சிலர் கேட்டுவிடுவார்கள். இவர் ஒளிக்காமல் சொல்வார். இது மெட்ராஸ் கடைக்காரருக்கே தெரியாத சங்கதி என்பார். அதோடு நிறுத்தமாட்டார். "எங்க அக்கா நேர்ல போயி கேட்டுச்சு. எங்க அக்கா கேக்காத கேள்வி கிடையாது. அதுக்கே பதில் கிடைக்கல" என்று அண்ணியைக் காட்டிச் சொல்வார். யார் வந்தாலும் இதே கதை. அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். கிணற்றடியில் குனிந்த தலையோடு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வந்தவர்களுக்கு டீ போட்டு எடுத்து வருவார். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியைக் காட்டிக் கொடுக்காமல் இவரை எப்படி நிறுத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணி மஞ்சள் காமாலையில் போனார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, இனியாவது சொல்லிவிடலாம் என்று நான் கடையில் நடந்ததைச் சொன்னேன். இவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதே புரிஞ்சுபோச்சு. அக்கா ஃபேனுன்னு கேக்க வந்தது சரிதான்னு" என்றார்.

அப்படியென்றால் ஊர் முழுக்க ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்காக அக்கா சொன்ன பொய்யி அது. நான் நம்பிட்டேன்னு அதுக்குத் தெரியணும்ல? இல்லன்னா, நாம அன்னிக்கு வாயை மூடிக்கிட்டோமேன்னு நெனச்சு நெனச்சே உருகிப் போயிருக்கும். அதான் அது காதுல வுழுற மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஒவ்வொரு தடவையும் அண்ணி எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றதை அவரிடம் சொன்னேன். எப்படி நின்றார் என்றும் சொன்னேன். அவர் கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"டீ போடத்தான் போவுதுன்னு நெனச்சேன்" என்றார்.